எந்திரத்தில் ஒரு கீறல் இல்லை

இரும்புக் கம்பி முதலில் ஷட்டர் பூட்டின்மேல்தான் விழுந்தது.

என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தத் தையல் கம்பெனி. சத்தம் கேட்டதுமே கம்பெனிக்காரர் மனைவி தெருவைத் தாண்டி ஓடிவந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் அடுப்பை அணைத்தேன். குழம்பை நாளைக்கும் வைக்கலாம்.

பூட்டு தெறித்து, ஷட்டர் முழுசாக மேலே ஏறியது. பதினாறு பேர் உள்ளே போனார்கள்.

எல்லோரும் போன மாதம்வரை அங்கே துணி வெட்டியவர்கள். தானாக வெட்டும் எந்திரம் வந்து இறங்கியது; இவர்கள் பிழைப்பு போனது. இரும்புக் கம்பி, கட்டிங் மாஸ்டர் கையில். மற்றவர்களிடம் முழங்கை நீளக் கத்தரிகள்.

கம்பெனிக்காரர் துணிச் சுருள்களுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். பதுங்கிய லட்சணம், இரண்டு செருப்பும் வெளியே தெரிந்தன.

எந்திரத்தை மறைத்து நின்றவர் அவருடைய மச்சான். அதாவது, என் பக்கத்தில் நிற்பவளின் தம்பி. கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர்.

ஓங்கிய கம்பிக்குக் கீழே நின்றுகொண்டே பாடத்தை ஆரம்பித்துவிட்டார். எந்திரம் தானாக எதையும் செய்வதில்லையாம். சரித்திரம் முழுக்க, எந்திரத்தை உடைத்தவர்கள் தப்பான ஆளை அடித்தவர்களாம். யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அவரை விட்டுவிட்டு இரும்பிடம் போய் நியாயம் கேட்கலாமா?

என் மிக்ஸி புகைந்தபோதும் இதே பாடம்தான். மிக்ஸிமேல் தப்பே இல்லை என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

மாஸ்டர் கம்பியை இறக்கினார். நிஜமாகவே யோசித்தார்.

"அப்போ, இதை வாங்கணும்னு முடிவு பண்ணது யாரு சார்?"

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. இருபது வருஷத்தில் ஒரு பிள்ளைகூட உருப்படியாய்க் கேள்வி கேட்டதில்லை என்று தெருவெல்லாம் புலம்பிய மனிதர்.

அவர் கண் ஒரு நொடி அந்தச் செருப்புகள் பக்கம் போனது. விரலை நீட்டினால் போதும்.

"நான்தான்," என்றார்.

முதல் அடி முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம் என் ஜன்னல்வரை வந்தது.

விழுந்தவரைத் தூக்கி வெட்டு மேஜைமேல் போட்டார்கள். துணியைச் சுருக்கமில்லாமல் விரிப்பதுபோல அவர் வலது கையை விரித்து, நாலு பேர் அழுத்திப் பிடித்தார்கள். மாஸ்டர் ஒரு கத்தரியை வாங்கினார். தேர்ந்த கை. ஒரே வெட்டில் கட்டைவிரல் தனியாகக் கிடந்தது.

பிறகு, வந்த வழியே போனார்கள். எந்திரத்தை ஒருவன்கூடத் தொடவில்லை. பாடம் நன்றாகத்தான் புரிந்திருந்தது.

கம்பெனிக்காரர் தவழ்ந்து வெளியே வந்து, சுருளிலிருந்து துணியைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றினார். வெள்ளைத் துணி, சுற்றச் சுற்றச் சிவந்தது.

பயந்தாங்கொள்ளிப் புருஷனுக்காக உன் தம்பி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டானே என்று நான் அங்கலாய்த்தேன்.

அவள் என் மணிக்கட்டை விடவில்லை.

"வேணவே வேணாம்னு ஆறு மாசம் ஒத்தைக்கால்ல நின்னவரு எங்க வீட்டுக்காரரு, அக்கா. எந்திரம் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதுன்னு பேசிப் பேசி வாங்க வெச்சது என் தம்பிதான்."