மின்னிய எழுத்து

மாடியறையில், ஜுவேரியா தான் எழுதிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் இணையப் பக்கத்தைத் திருத்துகிறாள். பிற்பகல் வெயிலில் திரையின் தூசி தெரிகிறது. சிவப்பாய் மின்னும் புதிய பதிப்பின் இணைப்பைப் பக்கத்தின் அடிக்கு நகர்த்துகிறாள். நன்கு சோதித்த பழைய பதிப்பின் இணைப்பை மேலே வைக்கிறாள். அருகில், அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் கல்யாணராமன் ஃப்ளாப்பி வட்டோடு உட்கார்ந்திருக்கிறார். மறைந்த மனைவி சொல்லச் சொல்ல அவர் அடித்துவைத்த பாட்டுகள், புதிய பதிப்பில் திறந்து சேமித்ததும் வெறும் கட்டங்களாகிவிட்டன. “மேல மின்னிண்டிருந்துது. அதான் எடுத்துண்டேன்” என்கிறார். “அது இன்னும் முழுசா சோதிக்காதது சார்.” “அப்படின்னு அதுல போடலையேம்மா.” குரலில் கோபமே இல்லை. மின்விசிறி கிறீச்சிடுகிறது. புதிய பதிப்பின் பெயருக்கு அருகே ‘சோதனையில் உள்ளது’ என்று தட்டுகிறாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாக வாசிக்கிறார். “இப்போ நன்னா புரியறது.” ஃப்ளாப்பியைச் சட்டைப்பையில் வைத்து, நழுவிவிடாதபடி பொத்தானையும் போட்டுக்கொள்கிறார்.