அத்தியா, கேப்பரா?

"அத்திப்பழமாம், பெரிய அத்திப்பழம்! காய்ஞ்சா பாதிக்குப் பாதி சர்க்கரைதானே அதுல?"

மாடிப்படி ஏறி வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மாவின் குரல்தான். கதவு ஒருக்களித்திருந்தது.

"பொய்!" இது அப்பா. கூடவே நாற்காலிக் கையில் பொத்தென்று ஓர் அடி.

மகள் எட்டிப் பார்த்தாள். ஜன்னலோர நாற்காலியில் அப்பா, பாதி ஆளாக இளைத்திருந்தார். எதிரே அம்மா, இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் கண்ணாடி பாட்டில். அந்த பாட்டிலை மகளுக்குத் தெரியும். வெளிநாட்டு ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கும் அவளே பார்சலில் அனுப்பியதுதான். கேப்பர். ஒரு முட்செடியின் மலராத மொட்டுகளை உப்புநீரில் ஊறவைத்தது.

சின்ன மயக்கம், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாயிற்று, இப்போது தேவலை. போனில் அம்மா சொன்னது இவ்வளவுதான். அப்பாவிடம் கொடு என்றால், எப்போதும் "தூங்குறார்டி." லீவு கிடைத்து அலறியடித்து ஓடி வந்தால், வீட்டில் இந்தக் கூத்து!

அதுவும் யாரிடம்? ஆயுள் முழுக்க உலர்பழக் கடை நடத்தியவர். கடைத்தெருவில் 'அத்திக்காரர்' என்றால்தான் தெரியும். அத்தியைக் குறை சொன்ன வாடிக்கையாளரைக் கடையை விட்டே இறக்கிவிட்ட மனிதர்.

"அப்பா!"

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியது. வாய் திறக்கவே பயப்படுகிற மாதிரி ஆளைப் படுத்தி வைத்திருக்கிறாளே என்று மகளுக்கு வயிறு எரிந்தது.

"போதும்மா. உடம்பு சரியில்லாதவர்கிட்ட என்ன சண்டை?"

"வந்ததும் வராததுமா கட்சி சேராதே. ஏங்க, நீங்க கேளுங்க. நூறு கிராம் கணக்குல, உங்க பச்சை அத்தியைவிட இதுல இரும்புச்சத்து நாலு மடங்கு!"

"காய்ஞ்சது?" என்றார் அப்பா, முறைத்தபடி.

"அது... ஏறக்குறைய சமம்னு வைங்க."

"கூட!"

"சரி, கூடத்தான். வைட்டமின் கே? அதுல உங்க அத்தி கிட்டக்கூட வர முடியாது!"

"உப்பு!"

மகளுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா சொல்றதுதான் சரி. கேப்பர்ல அவ்வளவும் உப்பு, பிரஷர் இருக்கறவங்களுக்கு ஆகவே ஆகாது. நார்ச்சத்து, கால்சியம் ரெண்டுலயும் காய்ஞ்ச அத்திதான்..."

"உன்னை யாருடி கேட்டா?" அம்மா சீறினாள். "அவருக்கு வாய் இல்லையா?"

மகளின் முகம் சிவந்துவிட்டது. "உன்கூட இருந்தா இவர் தேற மாட்டார். நான் திரும்பறப்போ அப்பாவை என்னோட கூட்டிட்டுப் போறேன். அங்கேயாவது நிம்மதியா இருக்கட்டும்."

அம்மா பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

"தாராளமா கூட்டிட்டுப் போ. அதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு பதில் சொல்லச் சொல்லு. நூறு கிராம் அத்தி எங்கே, நூறு கிராம் கேப்பர் எங்கே? அத்தியெல்லாம் ஒரு பழமா?"

அப்பா நிமிர்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு துடித்தது. அவ்வளவு கோபத்தில் அவரை மகள் பார்த்ததே இல்லை.

"நூறு கிராம்... கேப்பரை... எந்த மடையன்டி... திம்பான்?"

அம்மா பாட்டிலை மகள் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

வேண்டும், நன்றாக வேண்டும் என்று நினைத்தபடியே பின்னால் போனாள் மகள். அங்கே அம்மா அடுப்பு மேடையில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுதபடியே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறுடி! ஆறு வார்த்தை!"

"என்னம்மா உளர்றே?"

"வந்தது மயக்கம் இல்லடி, பக்கவாதம். பேச்சே போயிடுச்சு. நீ பதறுவேன்னு மறைச்சேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கறவங்க வந்து 'அ' சொல்லுங்க, 'ஆ' சொல்லுங்கன்னு கெஞ்சினாங்க. சுவரைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் நீ அனுப்பின பாட்டிலைப் பார்த்துட்டு, 'அத்தியைவிட இது தேவலை'ன்னு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். 'பொய்'னார். அன்னியிலேர்ந்து தினமும் படிச்சுப் படிச்சுச் சண்டை போடறேன். நேத்து வரைக்கும் ஒத்தை வார்த்தைக்கு மேல வரலடி."

மகள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். அம்மா இத்தனை நாளாகத் தலையில் தூக்கிவைத்து ஆடிய கேப்பரின் மூடியில், அவள் அனுப்பியபோது இருந்த சீல் கிழிபடாமல் அப்படியே இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே போய் அப்பாவின் எதிரே நின்றாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"யோசிச்சுப் பார்த்தேன்ப்பா. அம்மா சொல்றதுதான் சரி. அத்தியெல்லாம் ஒரு பழமா?"