மாங்காய் போட்ட குழம்பு

மனைவி ரெஜினா கோபித்துக்கொண்டு தூத்துக்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. என்றாவது ஒருநாள் அவள் கூப்பிடுவாள் என்று அருமைநாதன் நம்பினார். அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சவரம் செய்யும்போதும் பஸ்ஸில் போகும்போதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். சில நாள் அது மன்னிப்பாக இருக்கும். சில நாள் சண்டையாக இருக்கும். எப்படித் தொடங்கினாலும் ‘வந்துவிடு’ என்றுதான் முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கூப்பிட்டாள்.

“நான்தான்” என்றாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“சொல்லு ரெஜினா.”

“நெத்திலிக் குழம்புக்கு மாங்காயை எப்பப் போடுவீங்க? அக்கா கேக்கா.”

வீட்டில் மீன் குழம்பு எப்போதும் அவர் வைப்பதுதான்.

“குழம்பு கொதிச்ச பிறகு. மீனுக்கு முன்னாடி.”

பேச்சு முடிந்துவிடுமோ என்ற பயத்தில், தோலைச் சீவ வேண்டாம், கொட்டையையும் சேர்த்தே போடு என்று நீட்டிக்கொண்டு போனார்.

“சரி, வெச்சிடறேன்.”

கையில் போனோடு அப்படியே நின்றார். இவ்வளவுதானா என்றிருந்தது. தாங்க முடியாமல் அவளைத் திரும்பக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள். மனப்பாடமாக இருந்ததில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

“உப்பைப் பாத்துப் போடு” என்றார்.

“போட்டாச்சு” என்றாள்.

ஆனால் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் குழம்பு கொதிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.