கெட்டிமேளம் இல்லாத முகூர்த்தம்

கண்மாயில் அடையும் நாரைகளின் கூடுகளை எண்ணித்தான் அந்த ஊர்க் கண்மாய்க்கு ஆற்றுத் தண்ணீர் விடுகிறார்கள். சத்தம் கேட்டுப் பறவைகள் கலைந்தால் மடை அன்றே தானாக மூடிக்கொள்ளும். அதனால் தை மாதக் கல்யாணத்துக்குக்கூட ஊரில் மேளம் கிடையாது. இது தெரியாமல் மாப்பிள்ளை வீட்டார் தவிலோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

பெண்ணின் தாய் ராக்கு நேரே போய்த் தவில்காரர் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கெட்டிமேளம் இல்லாம தாலி கட்டுறதா? எவனாச்சும் தும்முனா அபசகுனமில்ல?" என்று சம்பந்தி எகிறினார்.

"நாரை கலைஞ்சா மடை அடைச்சுக்கிரும் சம்பந்தி. நெல்லு பால் பிடிக்கிற நேரம். ஆரும் தும்மாம இருந்தாப் போதும்."

முகூர்த்த நேரம் வந்தது. முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் சம்பந்தியின் மூக்கு துடிக்கத் தொடங்கியது. ராக்கு அவரையே முறைத்தாள். மனிதர் தோளில் கிடந்த பட்டுத் துண்டைச் சுருட்டி மூக்கிலும் வாயிலும் அழுத்திக்கொண்டு, மூன்றாம் முடிச்சு விழும்வரை கண்ணில் நீர் வழிய நின்றார்.

கண்மாயில் ஒரு நாரைகூட எழும்பவில்லை. தாலி ஏறிய நேரத்தில் பந்தலுக்குள் கேட்டதெல்லாம் மடையில் தண்ணீர் விழும் சத்தம்தான்.