பிரிக்காத பொட்டலம்

பூ கட்டுவதைப் பார்க்கக் கூடாது என்பதால் தேசிகன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

வெள்ளைக்கு மல்லிகை. சிவப்புக்குச் செம்பருத்தி மொட்டு.

வெள்ளை வந்தால் பாமா வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாம். சிவப்பு வந்தால் அவன் தொடங்கலாம். மற்றவர் ஆபீஸுக்குப் போய் வீட்டைத் தாங்க வேண்டும்.

பெருமாள் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் பூவை வைத்து நாரால் சுற்றினாள் பாமா. நார் இரண்டு தடவை நழுவியது. மாசி பிறந்தும் மல்லேஸ்வரத்தில் குளிர் விடவில்லை. குளிர்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"மேனேஜ்மென்ட் டிப்ளமா வாங்கினவா பண்ற காரியமா இது?" என்றாள்.

"கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தாச்சே. உன்னுதும் லாபம்ங்கறது, என்னுதும் லாபம்ங்கறது. பெருமாளாவது ஒண்ணு சொல்லட்டும்."

கல்யாணமான மறு வருஷமே இரண்டு பேரும் மாலை வகுப்பில் சேர்ந்தார்கள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறவர்கள் யார் என்று புரொபசர் கேட்டபோது ஒரே பெஞ்சிலிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன.

"இதுல யாரு முதலாளி, யாரு குமாஸ்தா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்களும்தான் சிரித்தார்கள்.

அவனுக்கு பேக்லைட் பிளாஸ்டிக்கில் மின்சார சுவிட்சு செய்யும் ஆசை. பாகிஸ்தான் சண்டை ஓய்ந்த பிறகு, எல்லாம் இனி இங்கேயே தயாராக வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம்.

கன்டோன்மென்ட் பக்கம் அத்தனை கான்வென்ட்டுகள். ஒவ்வொரு ஜூன் மாதமும் தையற்கடை வாசலில் தாய்மார்கள் காத்துக் கிடக்கிறார்கள். அளவுவாரியாக முன்னாலேயே தைத்து வைத்தால் என்ன? இந்தக் கேள்வி மனசுக்குள் வந்த நாளிலிருந்து, பஸ்ஸில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அவள் கண் முகத்துக்குப் போவதில்லை. தோள்பட்டைத் தையலுக்குப் போகிறது.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவள் பெயர் மிஸஸ் தேசிகன். வேறு யாரோ கையெழுத்துப் போடுவதற்கான தொகைகளைக் கூட்டிக் கொடுக்கிறாள். கூட்டிக்கொண்டிருக்கும்போதே மனம் நழுவி, நீலசந்திராவில் காலியாகக் கிடக்கும் ஷெட்டுக்குப் போய்விடும். ஜன்னலோரமாகத் தையல் மெஷின்களைப் போட்டுப் பார்க்கும். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுகிறதா என்று பார்க்கும். அந்தத் தெருப் பெண்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வருவார்கள்.

பெயர் மட்டும் அவள் வைக்கவில்லை. பெயர் வைத்துவிட்டால் பிறகு விட முடியாது.

ஷெட்டை வாடகைக்கு எடுப்பதா என்று சொந்தக்காரருக்கு இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஆச்சா?" என்றான் சுவரைப் பார்த்தபடி.

"ஆச்சு."

பொட்டலங்கள் இரண்டும் ஒன்றைப் போலவே இருந்தன.

ஒன்றை எடுத்துக் கொடுக்க அடுத்த வீட்டு பாகீரதியைக் கூப்பிட்டார்கள். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தவள், ஒரு பொட்டலத்தை எடுத்துத் தேசிகனின் கையில் வைத்தாள்.

"சாக்கா? போதுமா? அடுப்புல பால் இருக்கு," என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு ஓடினாள்.

அவன் நாரை அவிழ்த்தான்.

மல்லிகை.

அவன் முகம் ஒரு கணம் முன்பின் தெரியாத யாருடையதோ போல ஆயிற்று. பிறகு எழுந்துபோய், மேஜைமேல் இருந்த மரத்தில் செதுக்கிய சுவிட்சு மாதிரியை எடுத்தான். ஒரு தடவை தட்டிப் பார்த்தான். டிராயருக்குள் வைத்து மூடினான்.

"ஜெயிச்சுட்டியேடி, முதலாளியம்மா!"

சிரிக்கவும் செய்தான். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் ஏங்கியது கைக்கு வந்திருந்தது. ஆனால் அதைத் தொட்டுப் பார்க்கக் கை வரவில்லை.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பெருமாளைச் சந்தேகப்பட்டதாகும். கட்டியது கட்டியபடியே மரத்தடியில் போட்டுவிட வேண்டும்.

"கொடுங்கோ, நான் போட்டுடறேன்." அவள் கை அவசரமாக நீண்டது.

"தோத்தவன் நான்தானே? பஸ் ஸ்டாப்லயே அரச மரம் இருக்கு. நீ ராஜினாமா எழுதற வழியைப் பாரு."

ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் பொட்டலம். எதிர்ச்சாரிக்குப் போக அவன் தெருவைக் கடந்தான். பாமா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மரத்தடியில் குனிந்தவன் அப்படியே நின்றான். பொட்டலத்தை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனான்.

செம்பருத்திக்கு வாசனை கிடையாது.

அது சமையலறையில், அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்தது. அதை அவள் கட்டவே இல்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பஸ் வந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

பஸ் கிளம்பியபோது அவன் ஜன்னலோரத்தில் இருந்தான். சட்டைப் பையில் இலையின் பச்சை நுனி தெரிந்தது. பிரித்திருக்கவில்லை.

"சாயங்காலம்வரைக்கும் வெச்சுக்காதே, பாமா!" என்று கத்தினான். "இப்பவே போய் ஷெட்டுக்குப் பதில் சொல்லிடு. வேற யாராவது எடுத்துடப் போறா."