எட்டு ஜிபியா, பதினாறு ஜிபியா?

"எட்டு ஜிபி திணறுதுக்கா. பதினாறு ஜிபில ஒருவாட்டி ஓட்டிப் பாக்கட்டா?"

மூன்று மணிக்குக் கடைக்குள் வந்த பெண், விற்பனையைக் கவனிக்கும் ஜெஸ்லினிடம் இதைக் கேட்டபோது மணி நாலேகால். கல்லாவில் உட்கார்ந்திருந்த ஆறுமுகநயினார் அவளை ஒரு தடவை முறைத்தார். சுவர்க் கடிகாரத்தை இரண்டு தடவை முறைத்தார்.

அவர் கவலை அவருக்கு. தண்டையார்பேட்டையில் இந்த லேப்டாப் கடையைப் பதினைந்து வருடம் நடத்தி, நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விம்கோ நகரில் இரண்டாவது கடை திறக்கிறார். காலேஜ் திறக்கிற நேரம். பத்தாயிரம் நோட்டீஸ் அடித்து, ஞாயிறு காலைப் பேப்பரோடு வீடு வீடாகப் போட ஏற்பாடு. வாழைமரம் சொல்லியாயிற்று. சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து ரயிலேறப் பெட்டி கட்டிவிட்டார்கள். நோட்டீஸ் மட்டும் வந்தபாடில்லை. டிசைன் செய்கிற 'மின்னல் கிராபிக்ஸ்', பெயருக்கு நேர்மாறாக மூன்று நாளாக இழுத்தடிக்கிறது. ஆளை அவர் பார்த்ததில்லை, குரலைக்கூடக் கேட்டதில்லை. எல்லாம் வாட்ஸப்பில்தான்.

போன் அடித்தது. அச்சகம் வைத்திருக்கும் அமீருதீன்.

"இன்னா அண்ணாச்சி, டிசைன் வரலியே? அஞ்சு மணிக்கு மேல மிஷின்ல கல்யாணப் பத்திரிகை ஏத்திருவேன். அப்பால திங்கக்கெழமதான்."

"திங்கக்கிழமை வந்து என்னத்துக்குவே? ஞாயித்துக்கிழமை கடை திறப்பு! நீரு குடுத்த நம்பருதானே, போன எடுக்கவே மாட்டேங்கான்."

"எனக்கும் ஆளத் தெரியாது அண்ணாச்சி, வர்ற டிசைனத்தான் தெரியும். ஆனா வேலை சோக்கா இருக்கும். பேஜாராவாத, வந்துரும்."

ஆறுமுகநயினார் மின்னலுக்கு மறுபடி தட்டினார். 'எங்கய்யா இருக்கே? அஞ்சு மணிக்கு மேல வந்தா எனக்கு வேண்டாம்.' இரண்டு டிக் விழுந்தது. பதில் வரவில்லை. நோட்டீஸ் போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை புதுக்கடையில் சொந்தக்காரர்கள் மட்டும் காபி குடித்துவிட்டுப் போவார்கள். அதை நினைக்கவே பயமாக இருந்தது.

"ஏம்மா ஜெஸ்லின், அந்தப் புள்ள வாங்குமா, வாங்காதா?" என்றார்.

ஜெஸ்லின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வாங்கும் சார். படிக்கத்தானாம், அப்பப்ப கொஞ்சம் கிராபிக்ஸ் வேலையும் பண்ணுமாம். வெறும் படிப்புன்னா எட்டு ஜிபி போதும். இந்தப் புள்ள பெரிய பெரிய படம் தொறக்குது, எட்டு ஜிபி நின்னு நின்னு போவுது. அதான் பதினாறு ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு போட்டத குடுத்தேன். பென் டிரைவ்ல சொந்தப் படமே எடுத்தாந்து ஓட்டிப் பாக்குது. வெவரமான புள்ள."

"ஒண்ணேகால் மணி நேரமா ராம் பாக்காளாக்கும்? எங்க ஊர்ல பொண்ணு பாக்கவே அரை மணி நேரந்தான்!"

நாலரை ஆயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. மின்னல் மூச்சே விடவில்லை. அதற்கு மேல் ஆறுமுகநயினாரால் உட்கார முடியவில்லை. கோபத்தை யார் தலையிலாவது இறக்கியாக வேண்டும். கையில் சிக்காதவன்மேல் இறக்க முடியாதே. எழுந்து நேரே அந்தப் பெண்ணிடம் போனார்.

மூலை மேஜையில் சுவரோரமாக உட்கார்ந்து திரைக்குள் தலையை நுழைத்திருந்தாள். இவரைப் பார்த்ததும் சட்டென்று ஏதோ தட்ட, திரையில் இருந்தது மறைந்துபோனது. ஏசிக் குளிரிலும் அவள் நெற்றி வேர்த்திருந்தது.

"என்னத்தம்மா பாத்துட்டிருக்கே?"

"கலர் சரியா தெரியுதான்னு பாத்துகினு இருந்தேன் அண்ணாச்சி."

"படம் பாத்தியா? கேம் விளையாடுனியா?"

"ஐயோ, இல்ல அண்ணாச்சி. அஞ்சே நிமிஷம். முடிஞ்சிரும்."

"என்ன முடிஞ்சிரும்?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது கடைம்மா, பிரவுசிங் சென்டர் இல்ல. வாங்குத மூஞ்சி எது, பொழுதுபோக்க வந்த மூஞ்சி எதுன்னு எனக்குத் தெரியாதா? எந்திரி!"

"சார், கொஞ்சம் பொறுங்க..." என்று ஜெஸ்லின் ஓடிவருவதற்குள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை இருண்டது. பென் டிரைவைப் பிடுங்கி அவள் கையில் வைத்தார்.

அவள் கண் நிறைந்துவிட்டது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"பாவம் சார்."

"பாவம் பாத்தா என் நோட்டீஸ் வந்துருமா?" என்று சீறினாரே தவிர, அவருக்கும் மனசு ஒரு மாதிரிதான் இருந்தது. புள்ளையை அப்படி விரட்டியிருக்க வேண்டாம்.

மணி நாலு ஐம்பத்திரண்டு. போன் சிணுங்கியது. மின்னல் கிராபிக்ஸ்!

"முருகா, வந்துட்டான்!"

அவசரமாகத் திறந்தார். படம் எதுவும் வரவில்லை. எழுத்துதான் வந்திருந்தது.

'சார், என் லேப்டாப் முந்தாநாள் புட்டுக்கிச்சு. சொந்தமா சிஸ்டம் இல்லாத ஆளுக்கு வேலை தர மாட்டேன்னு மொதல்லயே நீங்க சொன்னதால பயந்துகினு சொல்லல. வேற எந்தக் கடையிலயும் உக்காந்து பாக்க வுடல. உங்க நோட்டீஸ் முடிஞ்சிது, சேவ் பண்றதுக்குள்ள நீங்களே ஆஃப் பண்ணிட்டீங்க. வாசல்லதான் நிக்கறேன். உள்ள வரட்டா, அண்ணாச்சி?'