ஏழாம் படியின் அழுகை

மிதித்தால் அழும், ஆணி அடித்தால் அழுகையை நிறுத்தும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

இங்கிலாந்து நாட்டுப்புறத்தில், ஒரு பழைய மாளிகையின் ஏழாவது மாடிப்படிதான் அது. அதன் ஆணி கழன்று எத்தனையோ வருஷமாகிறது. அது முனகினால், எப்போதோ செத்துப்போன லிடியா சீமாட்டியின் ஆவி அழுகிறது என்று ஊரே நம்பியது. வீட்டைச் சுற்றிக்காட்டுகிறவர், வருகிற ஒவ்வொருவரையும் அதன்மேல் மூன்று முறை குதிக்கச் சொல்வார்.

"அண்ணே, நடுவில் விரிசல் விட்டுவிட்டது. இனி என்னால் தாங்க முடியாது," என்று பக்கத்துக் கைப்பிடியிடம் சொன்னது படி.

"அழு, அழு. நீ வாயை மூடினால் இந்த வீட்டை எவன் எட்டிப்பார்ப்பான்?" என்றது கைப்பிடி.

அன்று மேபல் என்ற சிறுமி குதித்துவிட்டுக் குனிந்தாள். விரிசலைப் பார்த்தாள். ஆணி இல்லாத ஓட்டையில் விரலை விட்டாள்.

"கண்டுபிடித்துவிட்டாயே கண்ணு. வீட்டைக் காட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லேன்," என்று படி கெஞ்சியது. அவள் காதில் அது முனகலாகத்தான் விழுந்தது.

"என்ன கேட்டது, பாப்பா?" என்றார் வீட்டைச் சுற்றிக்காட்டுகிறவர். பார்க்க வந்திருந்த எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

சீமாட்டி அழுதாள் என்று மேபல் சொன்னாள். பிறகு இன்னொரு முறை குதித்தாள்.